ஈரணு கண்ட அறிஞர்

இரசாயனம் பயிலும் மாணவர் எவரும் அவகாட்ரோ என்னும் பெயரைப் பன்முறை உச்சரியாதிரார். அவகாட்ரோ விதி என்பர். அவகாட்ரோ எண் என்பர். ஆயின் அப்பெயருக்குரிய பெருமகனார் எந்நாட்டினர், எத்தொழிலினர், அவர் வாழ்வு எவ்வாறு கழிந்தது என வினவினால் விடை பகர்வார் மிகச் சிலரே. நாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்பவர்; தராசும் குடுவையும் நம் கைக்குப் பழகியவை அல்ல. எனினும் ஓர் இரவு விடுதியில் அடுத்த அறை நண்பர் தேர்வுக்காக உரத்துப் படித்த சொற்கள் நம் செவியில் விழுந்தன. ஓரணு மூலக்கூறு, ஈரணு மூலக்கூறு, மூவணு மூலக்கூறு, பல அணு மூலக்கூறு என அவர் அடுக்கிக்கொண்டே சென்றார். ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, தொடர்மொழி என்று தொல்காப்பியர் மொழியை வகுத்த முறையைப் பாடங்கேட்ட நமக்கு, அவை புதிய சொற்களாகத் தோன்றவில்லை. அவற்றின் வரலாற்றை அறியும் ஆவல் எழுந்தது. அவ்வாவல் நம்மை அவகாட்ரோவின் வாழ்க்கையிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அதனையே ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

ஒன்றை முன்னரே தெளிவுபடுத்திக்கொள்வது நலம். எழுத்து வேறு, மொழி வேறு. எழுத்துக்கள் கூடியே மொழி ஆகும். எனினும் ஆ என்னும் எழுத்துத் தனித்து நின்று பசுவைக் குறிக்கும்போது எழுத்தும் அதுவே, மொழியும் அதுவே. அவ்வாறே அணு வேறு, மூலக்கூறு வேறு. ஒரு பொருளின் தன்மை கெடாமல் தனித்து நிற்கவல்ல மிகச் சிறிய பகுதி மூலக்கூறு. அம்மூலக்கூற்றை ஆக்குவன அணுக்கள். ஒரு மூலக்கூற்றுள் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதைக் காட்டும் தொகையை அணுக்கட்டு எண் என்பர். இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த இவ்வேறுபாட்டை உலகம் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின என்றால் வியப்பன்றோ? அவ்வைம்பது ஆண்டுகளின் கதையே அவகாட்ரோவின் கதை.

பிறப்பும் இளமையும்

இத்தாலி தேசத்தின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் அமைந்தது பீட்மாண்ட் நாடு. அதன் தலைநகராகிய டூரினில் 1776-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் அமெதேயோ அவகாட்ரோ பிறந்தார். அவர் தந்தையார் பிலிப்போ என்பவர் நீதித்துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். குவரேஞா பிரபு என்னும் பட்டமும் அக்குடும்பத்திற்கு உரியது. அவகாட்ரோ என்னும் குடிப்பெயரே வழக்குரைப்பவரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததாகும். ஆகவே அக்குடியில் தோன்றிய பிள்ளை சட்டம் பயில்வான் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திராது.

அவரும் அவ்வாறே பயின்றார். பதினாறாம் வயதில், 1792-ல், சட்டத்தில் முதற் பட்டம் பெற்றார்; இருபதாம் வயதில், 1796-ல், திருச்சபைச் சட்டத்தில் பண்டிதப் பட்டம் பெற்று வழக்குரைக்கும் தொழிலில் அமர்ந்தார். பின்னர்ப் பிரஞ்சு ஆட்சியின் கீழ் ஓர் அரசாங்க அலுவலகத்தில் செயலாளராகவும் பணி செய்தார். வாழ்வுக்கு வேண்டிய வருவாயும், சமூகத்தில் மதிப்பும், முன்னோர் வகுத்துவைத்த வழியும் அவருக்கு இருந்தன. ஆயினும் அவர் உள்ளம் அவற்றில் நிலைகொள்ளவில்லை.

1800-ஆம் ஆண்டில் வோல்ட்டா என்னும் மற்றோர் இத்தாலிய அறிஞர், உலோகத் தகடுகளை அடுக்கி இடைவிடாத மின்னோட்டத்தை உண்டாக்கும் கருவியை உலகிற்கு அறிவித்தார். ஐரோப்பா முழுவதும் அதனைப் பற்றியே பேச்சாயிற்று. அவ்வாண்டு முதல் அவகாட்ரோ, தம் அலுவல் ஒழிந்த வேளைகளில், கணிதத்தையும் பௌதிகத்தையும் தாமே கற்கத் தொடங்கினார். 1803-ல் தம் உடன்பிறந்தார் பெலீச்சே என்பவருடன் சேர்ந்து மின்சாரத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி டூரின் விஞ்ஞானக் கழகத்தின்முன் வைத்தார். அடுத்த ஆண்டிலேயே அக்கழகம் அவரை இணை உறுப்பினராக ஏற்றது. 1806-ல் அவர் சட்டத் தொழிலை விடுத்து, டூரினில் ஒரு கல்விச்சாலையில் பாடங்களைச் செய்துகாட்டும் துணையாசிரியராக அமர்ந்தார். முப்பது வயது நிரம்பிய ஒருவர், பட்டமும் பதவியும் உடைய ஒருவர், கீழ்ப்படியில் நின்று புதிதாகத் தொடங்குவது எளிதன்று. அவர் அதனைத் தாழ்வாகக் கருதியதாகத் தெரியவில்லை. 1809-ல் வெர்செல்லி என்னும் சிற்றூர்க் கலாசாலையில் பௌதிக ஆசிரியர் ஆனார். அவர் புகழை உலகில் நிலைநாட்டிய எண்ணம் அச்சிற்றூரில் இருந்தபோதுதான் உதித்தது.

அந்நாளில் இருந்த சிக்கல்

அவ்வெண்ணத்தின் பெருமையை உணர, அக்காலத்து இரசாயனம் எந்நிலையில் இருந்தது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். ஆங்கில நாட்டு மாஞ்செஸ்டர் நகரில் வாழ்ந்த டால்டன் என்னும் ஆசிரியர், ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய எடையுள்ள, பிளவுபடாத அணுக்களால் ஆயது என்னும் கொள்கையை 1808-ல் தம் நூலில் விரித்துரைத்தார். ஆயின் ஒரு சேர்க்கைப் பொருளில் எத்தனை அணுக்கள் கூடின என்பதை அறிய அவருக்கு வழியில்லை. ஆகவே இயன்றவரை எளிமையாகக் கொள்வோம் எனக் கருதி, நீர் என்பது ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டார்.

அதே காலத்தில் பாரிஸ் நகரில் கே லுசாக் என்னும் அறிஞர் வாயுக்களை அளந்து ஆராய்ந்தார். வாயுக்கள் ஒன்றோடொன்று கூடும்போது அவற்றின் கன அளவுகள் எப்பொழுதும் சிறிய முழு எண்களின் விகிதத்திலேயே அமைகின்றன என்பதை அவர் கண்டார். இரண்டு பங்கு ஹைட்ரஜனோடு ஒரு பங்கு ஆக்ஸிஜன் கூடின் இரண்டு பங்கு நீராவி கிடைக்கும். மூன்று பங்கு ஹைட்ரஜனோடு ஒரு பங்கு நைட்ரஜன் கூடின் இரண்டு பங்கு அம்மோனியா கிடைக்கும். இவ்வளவு அழகிய ஒழுங்கு தற்செயலாக அமைந்திராது. அணுக்களின் எண்ணிக்கைக்கும் வாயுவின் கன அளவுக்கும் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்பது வெளிப்படை.

ஆயின் டால்டன் அதனை ஏற்கவில்லை. கே லுசாக்கின் அளவைகளையே ஐயுற்றார். அவருடைய தடையில் நியாயமும் இருந்தது. சம கன அளவில் சம எண்ணிக்கையான துகள்கள் உள்ளன எனக் கொண்டால், ஒரு பங்கு ஆக்ஸிஜனிலிருந்து இரண்டு பங்கு நீராவி எவ்வாறு வரும்? ஒவ்வொரு நீர்த்துகளிலும் சிறிதேனும் ஆக்ஸிஜன் இருத்தல் வேண்டுமே! அவ்வாறாயின் ஓர் ஆக்ஸிஜன் அணு இரண்டாகப் பிளந்திருத்தல் வேண்டும். பிளவுபடாதது அணு என்று கூறியபின் அது பிளந்தது என்று எவ்வாறு கூறுவது? ஒரு புறம் டால்டனின் கொள்கை. மறு புறம் கே லுசாக்கின் அளவை. இரண்டும் உண்மையாகவே தோன்றின. இரண்டும் ஒருங்கே நிற்கவும் இயலவில்லை.

1811-ஆம் ஆண்டுக் கட்டுரை

இம்முடிச்சை அவிழ்த்தவர் வெர்செல்லி ஆசிரியர். அதற்கு அவர் புதிய சோதனை எதனையும் செய்யவில்லை. பிறர் செய்த சோதனைகளையே எடுத்துக்கொண்டு அமைதியாகச் சிந்தித்தார். 1811-ல் பாரிஸ் நகரில் வெளிவந்த பௌதிக சஞ்சிகை ஒன்றில் அவர் கட்டுரை பிரஞ்சு மொழியில் வெளியாயிற்று. அதில் அவர் கூறியவை இரண்டு.

முதலாவது: வெப்பமும் அழுத்தமும் ஒத்திருக்குமாயின், சம கன அளவுள்ள எல்லா வாயுக்களிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாகும். இதுவே இன்று அவகாட்ரோ விதி எனப்படுவது. இரண்டாவது: மூலக வாயுக்களில் தனித்துத் திரியும் துகள் ஓர் அணு அன்று, ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்கள் பிணைந்த ஒரு கூட்டம். பொருள்கள் கூடும்போது அக்கூட்டமே பிரிகின்றது, அணு பிரிவதில்லை.

இவ்விரண்டாவது கருத்தே முடிச்சை அவிழ்த்த கருத்து. ஆக்ஸிஜன் மூலக்கூறு ஈரணு உடையது எனக் கொண்டால் இடர்ப்பாடு நீங்குகின்றது. ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்து, பிரிந்த அணு ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு கூடி, இரண்டு நீர் மூலக்கூறுகள் ஆகின்றன. நைட்ரஜனும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்து, இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளைத் தருகின்றது. டால்டனின் அணுவும் பிளவுபடவில்லை; கே லுசாக்கின் அளவையும் பொய்க்கவில்லை. இருவரும் உண்மையே உரைத்தனர். இருவருக்கும் இடையில் ஒரு வேறுபாடு மட்டும் காணப்படாமல் இருந்தது. அதனை அவகாட்ரோ கண்டார்.

இதன் பயன் பெரிது. வாயுக்களின் அடர்த்தியை ஒப்பிட்டாலே மூலக்கூறுகளின் எடையை ஒப்பிட்டுவிடலாம். டால்டன் ஆக்ஸிஜன் அணுவின் எடை ஹைட்ரஜனைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு என்று கணக்கிட்டிருந்தார். அவகாட்ரோ தம் முறையால் அது ஏறத்தாழ 15 மடங்கு என்றார். இன்று நாம் கொள்ளும் தொகை 16. அவர் கையாண்ட அடர்த்தி அளவைகள் இன்னும் திருத்தமாக இருந்திருப்பின் அவர் விடையும் அதுவாகவே இருந்திருக்கும். நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு, ஆக்ஸிஜன் அணு ஒன்று என்பதும் அவர் முறையினாலேயே பெறப்படும்.

உலகம் செவிசாயாமை

இவ்வளவு தெளிவான கருத்தை உலகம் உடனே வரவேற்றிருக்கும் என எண்ணுவோம். நிகழ்ந்தது அதுவன்று. எதிர்த்து எழுதினார் கூட மிகச் சிலரே. பெரும்பாலார் அதனைப் பொருட்படுத்தவே இல்லை. 1814-ல் பிரஞ்சு அறிஞர் ஆம்பியர் இதனை ஒத்த கருத்தைத் தாமாகவே கண்டு வெளியிட்டார். அவகாட்ரோ முன்னரே கூறியிருப்பதைப் பின்னர் அறிந்ததாகவும் குறித்தார். எனினும் பிரஞ்சு நாட்டில் அக்கொள்கை நெடுங்காலம் ஆம்பியர் பெயராலேயே வழங்கிற்று. அவகாட்ரோ 1814-லும் 1821-லும் மீண்டும் எழுதிப் பார்த்தார். பயன் விளையவில்லை.

இதற்குக் காரணம் யாது? அறிஞர்தம் பொறாமை என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஆனால் அது உண்மையாகாது. ஒத்த அணுக்கள் தம்முள் பிணையும் என்பதை அக்காலப் பெரியோர் ஒப்பவில்லை. ஒரே வாயுவின் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது டால்டன் கருத்து. சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ் அக்காலத்து இரசாயன அறிஞருள் தலைமை பெற்றவர். எதிர் மின் தன்மைகளின் கவர்ச்சியாலேயே அணுக்கள் பிணைகின்றன என்று அவர் கற்பித்தார். அக்கொள்கையின்படி ஹைட்ரஜன் அணுவோடு ஹைட்ரஜன் அணு கூடுதல் இயலாது. அதனை மறுப்பதற்கு அவகாட்ரோவிடம் சான்று இல்லை. அவர் சோதனை செய்து காட்டுபவர் அல்லர். பாரிஸ், ஸ்டாக்ஹோம் முதலிய பெருநகரங்களுக்குத் தொலைவில் வாழ்ந்தவர்.

குறை அவர்பாலும் ஒன்று இருந்தது. தமிழ் பயிலும் நமக்கு மிகவும் உறைப்பது அக்குறையே. 1811-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அணு என்னும் சொல்லை அவர் ஆளவில்லை. மூலக்கூறு என்னும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு அடைகளைச் சேர்த்து, முழுமை மூலக்கூறு என்றும், ஆக்க மூலக்கூறு என்றும், அடிப்படை மூலக்கூறு என்றும் வழங்கினார். இன்று நாம் அணு என்று சொல்வதை அவர் அடிப்படை மூலக்கூறு என்றார். சில இடங்களில் அடையே இன்றி மூலக்கூறு என்று மட்டும் எழுதினார். எழுத்து என்றும் மொழி என்றும் இரண்டு சொற்கள் இல்லாமல், இரண்டையும் மொழி என்றே வழங்கி, சிறிய மொழி, பெரிய மொழி என ஒருவர் இலக்கணம் வகுத்தால் கற்பவர் நிலை என்னாகும்? இரண்டு பொருளை முதன்முதல் பிரித்துக் கண்டவர், அவற்றிற்கு இரண்டு பெயர் இடாது போயினார். பிரிவு அவர் உள்ளத்தில் தெளிவாக இருந்தது. படித்தவர் உள்ளத்தில் அது பதியவில்லை.

மற்றோர் இடையூறும் உண்டு. மூலக வாயுக்கள் எல்லாம் ஈரணு மூலக்கூறுகளால் ஆயவை என்று பலர் எண்ணிவிட்டனர். மூலக்கூறு இரண்டாகவோ நான்காகவோ எட்டாகவோ பிரியக்கூடும் என அவகாட்ரோ இடம் வைத்திருந்தார். அதனை எவரும் கருதவில்லை. 1826 முதல் பிரஞ்சு அறிஞர் தூமா பல பொருள்களை ஆவியாக்கி அவற்றின் அடர்த்தியை அளந்தார். அவர் பெற்ற விடைகள் அவரையே திகைக்க வைத்தன. பாதரசத்தின் அணு எடை எதிர்பார்த்ததில் பாதியாக வந்தது. பாஸ்பரத்தின் எடை இருமடங்காக வந்தது. கந்தகத்தின் எடை மும்மடங்காக வந்தது. இக்கொள்கையை நம்புவதற்கில்லை என அவர் கைவிட்டார். உண்மையில் அவர் அளவைகள் பிழையல்ல. பாதரச ஆவி ஓரணு உடையது. பாஸ்பர ஆவி நான்கு அணு உடையது. அவர் அளந்த வெப்பநிலையில் கந்தக ஆவி பெரும்பாலும் ஆறு அணு உடையது. அணுக்கட்டு எண் பொருளுக்குப் பொருள் வேறுபடும் என்பதை உணர்ந்திருந்தால், எந்த அளவைகள் கொள்கையைக் கவிழ்ப்பனவாகத் தோன்றினவோ அவையே அதற்குத் தூண்களாக நின்றிருக்கும்.

பிற்கால வாழ்க்கை

இதற்கிடையில் அவர் வாழ்க்கை பெரிதும் அமைதியாகவே சென்றது. பீயெல்லா ஊரைச் சேர்ந்த பெலிசித்தா மாட்சே என்னும் அம்மையாரை மணந்து மக்களோடு வாழ்ந்தார். 1819-ல் டூரின் விஞ்ஞானக் கழகத்தின் முழு உறுப்பினர் ஆனார். 1820-ல் டூரின் சர்வகலாசாலையில் கணிதப் பௌதிகத்திற்கென ஒரு பேராசிரியர் பதவி புதிதாக நிறுவப்பட்டது. அப்பதவி அவருக்கு அளிக்கப்பட்டது.

ஆயின் அது நிலைக்கவில்லை. 1821-ல் பீட்மாண்டில் அரசியல் கிளர்ச்சி மூண்டது, அரசர் முடிதுறந்தார். கிளர்ச்சி அடங்கியபின் சர்வகலாசாலையின்மீது அரசாங்கத்தின் கடுமை பாய்ந்தது. அவகாட்ரோவின் பதவி எடுபட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குமுன் தாம் விடுத்துவந்த சட்டத்துறைக்கே அவர் திரும்ப நேர்ந்தது. அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் மன்றத்தில் அலுவல் ஏற்றார். பகலில் கணக்கேடுகளைப் புரட்டிவிட்டு, எஞ்சிய வேளையில் அவர் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1832-ல் அப்பேராசிரியர் பதவி மீண்டும் ஏற்படுத்தப்பட்டபோது அது அவருக்குக் கிட்டவில்லை; புகழ்பெற்ற பிரஞ்சுக் கணித மேதை கோஷிக்கு அளிக்கப்பட்டது. கோஷி விரைவில் பிராகு நகரத்திற்குச் சென்றுவிட, 1834-ல் அவகாட்ரோ தம் இடத்தைத் திரும்பப் பெற்றார். அன்று தொடங்கி 1850 வரை இடையறாது கற்பித்து ஓய்வு பெற்றார்.

எடையுள்ள பொருள்களின் பௌதிகத்தைப் பற்றி நான்கு பெருந்தொகுதிகளாக அவர் எழுதிய நூல் 1837 முதல் 1841 வரை வெளிவந்தது. தம் நாட்டில் மெட்ரிக் அளவை முறை நடைமுறைக்கு வருவதற்கும் அவர் உழைத்தார். புகழை நாடி வெளிநாடு செல்லவோ, தம்மைப் புறக்கணித்தவரோடு வாதாடவோ அவர் முயன்றதில்லை. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள், எண்பதாம் ஆண்டு நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், டூரினில் அவர் உயிர் நீத்தார். தம் கொள்கை உலகை வெல்லும் என்பதற்கு ஓர் அறிகுறியையும் அவர் காணவில்லை.

மறைவுக்குப் பின்

அவர் மறைந்த காலத்தில் இரசாயனம் பெருங் குழப்பத்தில் ஆழ்ந்திருந்தது. நீரின் குறியீட்டை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதினர். காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்திற்கு அந்நாளில் வழங்கிய குறியீடுகளைக் கெகுலே என்னும் ஜர்மானிய அறிஞர் தம் நூலில் தொகுத்தபோது அவை 19 ஆயின. ஒரு பொருளுக்குப் பத்தொன்பது எழுத்துக்கூட்டு இருக்குமாயின் கற்பவர் எதனைக் கற்பர்?

இந்நிலையில் ஜெனோவா சர்வகலாசாலையில் இரசாயனம் கற்பித்த கன்னிசாரோ என்னும் சிசிலித் தீவினர், 1858-ல் தம் மாணவர்க்கு நடத்திய பாடங்களின் சுருக்கத்தை ஒரு கடித வடிவில் வெளியிட்டார். அவர் புதிய கொள்கை எதனையும் புகுத்தவில்லை. தம் நாட்டவராகிய அவகாட்ரோவின் கொள்கையைத் தொடக்கமாகக் கொண்டு, அணுவையும் மூலக்கூற்றையும் தெளிவாகப் பிரித்து, அவ்வேறுபாட்டை இறுதிவரை தளராமல் கைக்கொண்டால் எல்லா முரண்பாடுகளும் தாமே அகலும் என்று படிப்படியாகக் காட்டினார். ஹைட்ரஜன் ஈரணு உடையது, பாதரசம் ஓரணு உடையது, பாஸ்பரம் நான்கணு உடையது என்று கொள்ளின் தூமாவின் திகைப்புக்கும் இடமில்லை.

1860-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பல நாட்டு இரசாயன அறிஞர் நூற்றுக்கு மேற்பட்டோர் மூன்று நாள் கூடினர். அணு என்பது யாது, மூலக்கூறு என்பது யாது என்பதே அவர்கள் முன் நின்ற முதல் வினா. கன்னிசாரோ எழுந்து அவகாட்ரோவின் சார்பாக வாதாடினார். கூட்டம் முடிவொன்றும் செய்யாமலே கலைந்தது. ஆயின் கலையும் வேளையில் பவேசி என்னும் நண்பர் கன்னிசாரோவின் சிறு நூலை வந்திருந்தோர்க்கு வழங்கினார். லோத்தர் மேயர் என்னும் ஜர்மானியர் அதனை ஊர் திரும்பும் வழியில் படித்தார்; பின்னர் மீண்டும் படித்தார்; தம் கண்ணை மறைத்த திரை விலகியதாக உணர்ந்தார். அக்கூட்டத்திற்கு வந்திருந்த இளைஞருள் உருசிய நாட்டு மெண்டலீயவும் ஒருவர். திருத்தமான அணு எடைகளைக் கைக்கொண்டே அவர் 1869-ல் மூலகங்களின் அட்டவணையை அமைத்தார். அவகாட்ரோ மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் அவர் சொல் செவிகளில் ஏறியது.

பின்னர் வந்த சோதனைகள் அவர் கருத்தை உறுதிப்படுத்தின. 1876-ல் குண்ட், வார்பர்க் என்னும் இருவர் பாதரச ஆவியில் ஒலி செல்லும் வேகத்தை அளந்து, அதன் மூலக்கூறு ஓரணுவே என்று நிறுவினர். 1894-ல் ராலே பிரபுவும் ராம்சேயும் காற்றில் ஆர்கான் என்னும் புது வாயுவைக் கண்டபோது அதுவும் ஓரணு உடையது என்பது அவ்வொலி முறையாலேயே துணியப்பட்டது. ஹீலியம், நியான் முதலியவையும் அவ்வினத்தனவே. ஆக்ஸிஜன் ஈரணுவாய் நிற்கும்போது நாம் உயிர்க்கும் வாயு. அதுவே மூவணுவாய் நிற்கும்போது கடுமணம் உடைய ஓசோன். அணு ஒன்றே, தொகை மாறியதால் பொருளே மாறிற்று. 1985-ல் கரி அணுக்கள் 60 கூடிப் பந்து வடிவில் நிற்கும் மூலக்கூறும் கண்டறியப்பட்டது.

அவகாட்ரோ எண் என்பதை அவகாட்ரோ ஒருபோதும் கணக்கிட்டதில்லை. பிரஞ்சு அறிஞர் பெரின் 1909-ல் அவர் நினைவாக அப்பெயரை இட்டார். 2019-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் முதல் அத்தொகை, 6.02214076 என்பதைப் பத்தின் இருபத்து மூன்றாம் அடுக்கால் பெருக்கிய தொகை என உலக நாடுகள் கூடிச் செய்த முடிவுப்படி மாறாததாக நிலைபெற்றது. உயிரோடு இருந்தபோது தம் பேராசிரியர் பதவியை ஒருமுறை இழக்க நேர்ந்தவரின் பெயர், இன்று உலகத்து அளவை முறையின் அடிப்படைகளுள் ஒன்றாக நிற்கின்றது.

நாம் பெறுவது

அவகாட்ரோவின் வாழ்வு நமக்கு இரண்டினைக் கற்பிக்கின்றது. உண்மையைக் கண்டவன் அதனைப் பிறர் ஏற்கவில்லையென்று மனமுடைந்து போதல் வேண்டா என்பது ஒன்று. அவர் கொள்கையைக் கைவிடவும் இல்லை. பிறரைப் பழிக்கவும் இல்லை. தம் கடமையைச் செய்துகொண்டே இருந்தார். இதனைப் பலரும் கூறுவர்.

மற்றொன்று, சொல்லைப் பற்றியது. மொழி பயில்வாரை நோக்கி, சொற்களை எண்ணிக்கொண்டிருப்பதால் உலகிற்கு யாது பயன் என்று நகைப்பார் உளர். விஞ்ஞானம் பயிலும் நண்பர் சிலர் நம்மையே அவ்வாறு நகைத்தது உண்டு. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் அமையாமையும் ஒரு காரணமாக, ஓர் உண்மை ஐம்பது ஆண்டு உறங்கிற்று என்பதை இனி அவர்க்கு எடுத்துரைப்போம். அவகாட்ரோ பொருளைக் கண்டார். கன்னிசாரோ அதனைச் சொல்லில் நிறுத்தினார். இருவரும் கூடியபின்னரே உண்மை உலகினரை அடைந்தது. தமிழில் அணு என்றும் மூலக்கூறு என்றும் வெவ்வேறாகச் சொற்கள் அமைந்துள்ளன. அவற்றைக் கலந்து வழங்காமல் பேணுதல் விஞ்ஞானம் பயில்வார்க்கும் தமிழ் பயில்வார்க்கும் பொதுவான கடமையாகும்.

அடுத்த அறை நண்பர் இன்றும் உரத்தே படிக்கின்றார். ஹைட்ரஜனின் குறியீட்டை எழுதி அதன் அடியில் 2 என்னும் சிறிய எண்ணை இடும்போது அவர் கை ஒரு நொடியும் தயங்குவதில்லை. அச்சிறிய எண்ணை எழுதும் உரிமைக்காக ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் காத்திருந்தார் என்று அவரிடம் கூறினோம். அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, அவகாட்ரோவின் கதையை முழுதும் கூறுமாறு கேட்டார். அன்று அவருக்குக் கூறியதையே இங்கு எழுதினோம்.